மாம்பழ மஞ்சள் அறையில் ஏன் இந்தத் தலைவலி?

கேள்வி: நான் வீட்டிலிருந்தபடியே ஒரு நிறுவனத்துக்குக் கணக்கு வேலை பார்க்கிறேன். காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க மாலை ஆறாகிவிடும். மாடியில் பத்துக்குப் பதினோரு அடி அறை ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி, சித்திரையில் பெயிண்ட் அடித்தோம். ஜன்னல் வடக்குப் பார்த்தது. வடக்கு அறை மந்தமாக இருக்கும், அதற்குச் சூடான நிறம்தான் சரி என்று ஒரு புத்தகத்தில் படித்தேன். என் அம்மா வீட்டு முன்னறையும் மஞ்சள்தான், அதனால் அந்த நிறத்தின் மேல் எனக்கு ஒரு பிரியம். மாம்பழ மஞ்சளைத் தேர்ந்தெடுத்தேன். துடைக்கச் சுலபம் என்று கடைக்காரர் சொன்னதால் பளபளப்பு ரகமாகவே வாங்கி, நான்கு சுவருக்கும் அடித்துவிட்டோம். ஷேட் கார்டில் இளசாக இருந்த நிறம் சுவரில் கண்ணைப் பறிக்கிறது.

இரண்டு மாதமாக, பிற்பகல் ஆனால் தலைவலி. ஆன்லைன் மீட்டிங்கில் என் முகம் மஞ்சள்காமாலை வந்த மாதிரி தெரிகிறது. “உடம்பு சரியில்லையா?” என்று மேலாளரே கேட்டுவிட்டார். மஞ்சள் நிறம் பதற்றத்தையும் கோபத்தையும் கிளப்பும் என்று தோழி ஒருத்தி சொன்னாள். அன்றிலிருந்து மூன்று வயது மகனிடம் எரிந்து விழும்போதெல்லாம், இந்தச் சுவர்தான் என்னை இப்படி ஆக்குகிறதோ என்று பயமாக இருக்கிறது. சாம்பல் அடித்துவிடலாம் என்கிறார் கணவர். சாம்பல் வீட்டுக்கு ஆகாது, மனசு சோர்ந்துபோகும் என்கிறார் மாமியார். தரை பழைய சிவப்பு ஆக்சைடு. மேசையைத் தெற்குச் சுவரோரம் போட்டிருக்கிறேன், ஜன்னல் முதுகுப் பக்கம். ஜன்னலுக்கு ஐந்தடி தள்ளிப் பக்கத்து வீட்டுச் சுவர், கிளிப்பச்சை. மகன் மதியம் இந்த அறையில்தான் தூங்குவான். மறுபடி அடித்து அதுவும் தப்பாகிவிட்டால் என்ன செய்வேன்?

— ப.செ., ஈரோடு

பதில்: அன்புள்ள ப.செ. அவர்களுக்கு,

முதலில் அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள் அம்மா. நீங்கள் பிள்ளையிடம் எரிந்து விழுவதற்குச் சுவர் காரணமில்லை. ஒன்பது மணி நேரம் திரையைப் பார்த்து, தலைவலியோடு எழுந்து வருகிற யாருக்கும் பொறுமை குறையத்தான் செய்யும். அந்தத் தலைவலியில் அறைக்குப் பங்கு இருக்கலாம். அப்படி இருந்தாலும் அது நிறத்தின் குணத்தால் வருவதில்லை. வெளிச்சம் உங்கள் கண்ணுக்கு வந்து சேரும் விதத்தால் வருவது. அதைச் சரிசெய்ய முடியும். பாதியை ஒரு பைசா செலவில்லாமல் இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்துவிடலாம். பெயிண்டைப் பொறுத்தவரை மூன்று சுவர் அடித்தால் போதும். மஞ்சளை முழுவதுமாக இழக்கவும் வேண்டியதில்லை.

இந்த நிறம் கோபம் தரும், அந்த நிறம் அமைதி தரும் என்ற பேச்சு பத்திரிகைகளிலும் விளம்பரங்களிலும் நிறைய உலவுகிறது. அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதற்கு ஓர் உதாரணம். 1979ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில், கடற்படைச் சிறை ஒன்றின் அறைக்கு ஒருவித இளஞ்சிவப்பு அடித்தார்கள். அலெக்சாண்டர் ஷாஸ் என்ற ஆய்வாளரின் யோசனை அது. கைதிகளின் மூர்க்கம் தணிந்துவிட்டதாகச் செய்தி பரவியது. அந்தச் சிறையின் பொறுப்பாளர்கள் இருவரின் பெயராலேயே ‘பேக்கர்–மில்லர் பிங்க்’ என்று அந்த நிறத்தை அழைத்தார்கள். மற்றச் சிறைகளும் அதைப் பின்பற்றின. சுவிட்சர்லாந்துச் சிறையொன்றில் ஆய்வாளர்கள் முறையாக ஒப்பிட்டுச் சோதித்து 2015ல் வெளியிட்ட முடிவில், இளஞ்சிவப்பு அறைக்கும் சாதாரண அறைக்கும் கைதிகளின் மூர்க்கத்தில் வேறுபாடு தெரியவில்லை. சிறையிலேயே நிலைக்காத ஒரு விதி உங்கள் மாடியறையில் மட்டும் வேலை செய்துவிடும் என்று பயப்படாதீர்கள். ஒரு நிறம் நம் மனத்தில் என்ன செய்யும் என்பதைப் பெரும்பாலும் நம்முடைய நினைவுகளே தீர்மானிக்கின்றன. உங்களுக்கு மஞ்சள் என்றால் அம்மா வீட்டு முன்னறை. அந்தப் பிரியத்தைச் சந்தேகிக்க வேண்டாம்.

சரி, அப்படியானால் என்னதான் கோளாறு?

நீங்கள் படித்த புத்தகத்திலிருந்து தொடங்குகிறேன். வடக்கு அறைக்குச் சூடான நிறம் என்ற ஆலோசனை பொய்யில்லை, ஆனால் நம் ஊருக்காகச் சொல்லப்பட்டதில்லை. லண்டனில் டிசம்பர் மாத நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து 15 பாகை உயரம்தான் ஏறும். அங்கே வடக்கு அறை மாதக்கணக்கில் மங்கிக் கிடக்கும், மஞ்சளும் ஆரஞ்சும் அந்த மங்கலுக்கு ஆறுதல். ஈரோட்டில் அதே டிசம்பரில் சூரியன் 55 பாகை உயரத்தில் நிற்கும். ஏப்ரல் 20 வாக்கிலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடுகிறது. அதாவது நீங்கள் பெயிண்ட் அடித்த சித்திரையில்தான் உங்கள் வடக்கு ஜன்னல் ஆண்டிலேயே மிக வெளிச்சமான காலத்துக்குள் நுழைந்தது. நம்மூரில் வேலை செய்ய வடக்கு அறையைப் போல் நல்ல அறை கிடையாது. மேற்கு அறையில் பிற்பகல் வெயில் சுட்டெரிக்கும், கிழக்கு அறையில் காலை வெயில் திரையில் விழும். வடக்கில் பெரும்பாலும் நேர்வெயில் இல்லாத, நாள் முழுக்க அதிகம் மாறாத வெளிச்சம் வரும். ஐரோப்பிய ஓவியர்கள் தங்கள் கூடத்துக்கு வடக்கு ஜன்னலைத் தேடி வைத்ததும் இதற்காகத்தான். உங்கள் அறை நல்ல அறை அம்மா. மருந்து தேவைப்படாத இடத்தில் மருந்து பூசியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது விஷயம்தான் முக்கியம். உங்கள் ஜன்னலில் வருவது முழுக்க வானத்தின் வெளிச்சம் இல்லை. மேலே சன்ஷேடு வானத்தின் பெரும்பகுதியை மறைத்திருக்கும். ஐந்தடியில் கிளிப்பச்சைச் சுவர் நிற்கிறது. வெளிச்சம் அந்தச் சுவரில் பட்டுப் பச்சை ஏறித்தான் உங்கள் அறைக்குள் வருகிறது. அந்தச் சுவரை உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். நான் முதலில் கவனித்தது அதைத்தான். நம் ஊர்களில் வீடுகள் நெருங்கி நிற்பதால், பக்கத்து வீட்டுக்காரர் தேர்ந்தெடுத்த நிறமும் நம் அறையின் நிறத்தில் கலந்துவிடுகிறது. ஷேட் கார்டு இதைச் சொல்லாது.

அந்தப் பச்சை வெளிச்சம் உங்கள் மஞ்சள் சுவரில் விழுந்தபின் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மஞ்சள் சுவர் சிவப்புக் கதிரையும் பச்சைக் கதிரையும் திருப்பி அனுப்பும், நீலக் கதிரை விழுங்கிக்கொள்ளும். ஒரு பேச்சுக்கு, நூறு பங்கு நீலத்தில் பத்துப் பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பத்துப் பங்கு எதிர்ச் சுவரில் படும்போது அதுவும் மஞ்சள், ஆகவே ஒரு பங்குதான் மிஞ்சும். பத்துக்குப் பதினோரு அடி அறையில் வெளிச்சம் இப்படிச் சுவருக்குச் சுவர் பலமுறை மோதித்தான் உங்கள் கண்ணுக்கு வருகிறது. ஒவ்வொரு மோதலுக்கும் மஞ்சள் ஒரு படி கூடும். கார்டில் இளசாக இருந்தது நான்கு சுவரில் முறுகிப்போனதற்கு இதுதான் காரணம். கடைக்காரர் ஏமாற்றவில்லை, கலவையிலும் தவறு இருக்க வாய்ப்பில்லை.

இதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். பிற்பகல் மூன்று மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு, புதிய வெள்ளைத் தாள் ஒன்றைத் தெற்குச் சுவரில் ஓரத்தை ஒட்டி, புத்தகம் பாதி திறந்தது போன்ற கோணத்தில் பிடியுங்கள். சுவரை ஒட்டிய பகுதியில் தாள் வெள்ளையாக இருக்காது. மஞ்சள் வழிந்து, விலக விலகக் குறைந்துகொண்டே போகும். இப்போது தாளுக்குப் பதில் அங்கே உங்கள் முகம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். மேசை தெற்குச் சுவரோரம் இருப்பதால், கேமரா பார்க்கும் உங்கள் முகத்துக்கு முன்னிருந்து கிடைக்கும் வெளிச்சம் அந்த மஞ்சள் சுவரிலிருந்து திரும்பி வருவதுதான். முதுகுக்குப் பின்னே ஜன்னலின் பிரகாசம், அதில் பக்கத்து வீட்டுப் பச்சை. கேமரா எது வெள்ளை என்று முடிவு செய்ய முடியாமல் திணறுகிறது. மேலாளர் பார்த்தது உங்கள் உடம்பை இல்லை, உங்கள் சுவரை.

தலைவலிக்கு மூன்று காரணங்கள் சேர்ந்திருக்க வேண்டும். முதுகுப் பக்க ஜன்னல் உங்கள் திரையில் பிரதிபலிக்கிறது. எழுத்தைப் படிக்க அந்தப் பிரதிபலிப்பை ஊடுருவிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அடுத்தது, பளபளப்புச் சுவரில் டியூப் லைட் ஒரு வெள்ளைக் கோடாக ஒளிரும். கண் திரையிலிருந்து விலகும்போதெல்லாம் அந்தக் கோட்டில் போய் இடிக்கும். மூன்றாவது, ஜன்னலுக்கும் அறைக்கும் பிரகாச வித்தியாசம் அதிகமாக இருக்கிறது. வெளிச்ச அமைப்பு தெரிந்தவர்கள் ஒரு நடைமுறை விதி வைத்திருக்கிறார்கள். திரைக்கும் அதை அடுத்துச் சுற்றியிருக்கும் பரப்புக்கும் பிரகாசத்தில் மூன்று மடங்குக்கு மேலும், திரைக்கும் பார்வையில் படும் தூரத்துப் பரப்புகளுக்கும் பத்து மடங்குக்கு மேலும் வித்தியாசம் இருக்கலாகாது. அது மீறும்போது கண் ஓயாமல் தன்னைச் சரிசெய்துகொண்டே இருக்கும். மாலைக்குள் களைத்துவிடும்.

இனி செய்ய வேண்டியவை. பெயிண்டுக்கு முன்பு வெளிச்சம். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மேசையைத் திருப்பிவிடுங்கள். கிழக்குச் சுவரைப் பார்த்து உட்காருங்கள். ஜன்னல் உங்கள் இடக்கைப் பக்கம் வரும். வலக்கையால் எழுதுகிறவருக்குத் தாளில் கை நிழல் விழாது, திரையிலும் ஜன்னல் தெரியாது. நீங்கள் இடக்கைக்காரர் என்றால் மேற்குப் பார்த்து உட்காருங்கள், கீழே நான் கிழக்கு, மேற்கு என்று சொல்வதை மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்குப் பார்த்த மேசை என்றால் மாமியாருக்கும் மனம் குளிரும். அடுத்து, ஜன்னலின் கீழ்ப்பாதிக்கு மட்டும் வெள்ளைத் துணித் திரை ஒன்றைக் கட்டுங்கள். நின்று பார்த்தால் வானம் தெரிய வேண்டும், உட்கார்ந்து பார்த்தால் கிளிப்பச்சை மறைந்திருக்க வேண்டும். அந்த உயரத்தைக் கணவரைப் பிடிக்கச் சொல்லி, நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டாரிடம் போய் நிறத்தைப் பற்றிப் பேச வேண்டாம்.

பிறகு டியூப் லைட். நம் கடைகளில் கேட்காமலே எடுத்துத் தருவது 6500 கெல்வின் ரகம். கெல்வின் (வெளிச்சம் நீலம் சார்ந்ததா மஞ்சள் சார்ந்ததா என்று காட்டும் அளவு) எண் கூடக் கூட வெளிச்சம் நீலமாகும். நீலம் சார்ந்த அந்த வெளிச்சம் மஞ்சள் சுவரில் விழுந்தால் பச்சை கலந்த ஒரு சோகை நிறம் தெரியும். பெட்டியைத் திருப்பிப் பார்த்து 4000 கெல்வின் என்று அச்சிட்ட எல்.இ.டி. டியூபை வாங்குங்கள். அதே பெட்டியில் சி.ஆர்.ஐ. (பொருள்களின் நிறத்தை வெளிச்சம் எவ்வளவு உள்ளபடி காட்டுகிறது என்ற அளவு, 100 முழு மதிப்பு) என்று ஓர் எண் இருக்கும். 80க்குக் கீழே இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 90 கிடைத்தால் பத்துக் கடை ஏறி இறங்கினாலும் தகும். டியூபை வடக்குச் சுவரில், ஜன்னலுக்கு மேலே மாட்டச் சொல்லுங்கள். பகல் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமிருந்தே இரவு வெளிச்சமும் வரும்.

இவ்வளவும் செய்துவிட்டு இரண்டு வாரம் அப்படியே வேலை பாருங்கள். தலைவலி பாதி குறைந்துவிடும் என்று எதிர்பார்க்கிறேன். அதன்பிறகு பெயிண்ட் பற்றி யோசிக்கலாம்.

நிறம் தேர்ந்தெடுக்கும்போது நான்கு சுவரையும் ஒன்றாக நினைக்காதீர்கள். உங்கள் முன்னால் இருக்கும் கிழக்குச் சுவர் உங்கள் கண்ணுக்கானது. பின்னால் இருக்கும் மேற்குச் சுவர் கேமராவுக்கானது. ஜன்னலுக்கு எதிரே இருக்கும் தெற்குச் சுவர் அறை முழுமைக்குமானது, ஏனென்றால் ஜன்னல் வெளிச்சத்தை முதலில் வாங்கி எல்லா இடத்துக்கும் அனுப்புவது அதுதான். வடக்குச் சுவரில் நேரடியாக வெளிச்சம் படுவது மிகக் குறைவு. அதை மஞ்சளாகவே விட்டுவிடுங்கள். மற்றவை மாறியபின் அது உறுத்தாது, செலவும் மிச்சம்.

கிழக்குக்கும் தெற்குக்கும் ஒரே நிறம். ஷேட் கார்டிலோ நிறுவனத்தின் பட்டியலிலோ எல்.ஆர்.வி. (சுவர் திருப்பி அனுப்பும் ஒளியின் அளவு, கரிக்கறுப்புக்கு 0, முழு வெள்ளைக்கு 100) என்ற எண்ணைக் கேளுங்கள். 65க்கும் 75க்கும் இடையில் இருக்கட்டும். தூய வெள்ளை அடித்துவிடலாமே என்று தோன்றும். வெளிச்சம் குறைந்த அறையானால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். உங்கள் அறையில் தூய வெள்ளை அடித்தால் பக்கத்து வீட்டுப் பச்சை அப்பட்டமாகத் தெரியும். எந்தச் சாயலையும் ஒளிக்கத் தெரியாத நிறம் வெள்ளை. சுண்ணாம்பில் தெரியும் லேசான மஞ்சளைக் கொல்ல நம் வீட்டுப் பெரியவர்கள் வெள்ளையடிக்கும்போது ஒரு சிட்டிகை நீலம் கலந்தார்களே, அதே அறிவை இங்கே திருப்பிப் போட வேண்டும். பச்சையைக் கொல்வது சிவப்பு. ஆகவே ஒரு துளி செம்பழுப்புக் கலந்த வெள்ளையாகப் பாருங்கள். கார்டில் ‘வெதுவெதுப்பான வெள்ளை’ வரிசையில், பச்சை சாராத, மஞ்சளும் தூக்கலாக இல்லாத ஒன்று. பார்த்தால் வெறும் வெள்ளை என்றே சொல்வார்கள், தூய வெள்ளைத் தாளைப் பக்கத்தில் வைத்தால்தான் அதிலுள்ள செம்மை தெரியும்.

உங்கள் கணவர் சொல்லும் சாம்பலுக்கு வருகிறேன். சாம்பல் மனத்தைச் சோர்வாக்கிவிடாது, மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். ஆனால் அவருடைய கண் எதையோ சரியாகத்தான் கண்டிருக்கிறது. உங்கள் சிவப்பு ஆக்சைடு தரைக்கு மேலே சாதாரணச் சாம்பல் சாம்பலாக நிற்காது. இதை விளக்க இருநூறு ஆண்டு பழைய ஒரு சம்பவம் உதவும். பாரிஸில் கோப்லான் என்ற அரச நெசவுக்கூடம். அங்கே சாயப் பிரிவுக்கு 1824ல் பொறுப்பேற்றவர் செவ்ரல் என்ற வேதியியலாளர். கறுப்பு நூலுக்குச் சாயம் சரியாக ஏறவில்லை, நெய்தபின் வெளிறித் தெரிகிறது என்று அவரிடம் புகார் வந்தது. நூலைச் சோதித்துப் பார்த்தார், சாயத்தில் ஒரு குறையும் இல்லை. கறுப்புக்குப் பக்கத்தில் எந்த நிற நூல் ஓடுகிறதோ அதுதான் கறுப்பின் தோற்றத்தை மாற்றுகிறது என்று கண்டுபிடித்தார். ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 1839ல் பெரிய நூலாகவே எழுதினார். ஒரு நிறம் தன் பக்கத்தில் இருப்பதன்மேல் தனக்கு எதிரான சாயலை ஏற்றிக் காட்டும் என்பது அதன் சாரம். சிவப்புக்கு எதிர் பச்சை. சிவப்புத் தரையை ஒட்டிய சாம்பல் சுவர் பச்சை பாரித்துத் தெரியும், ஜன்னலில் வரும் பச்சையும் சேர்ந்துகொள்ளும். பாசி படர்ந்த மாதிரி ஒரு சுவரைத்தான் மாமியார் மனக்கண்ணில் பார்த்திருப்பார். சாம்பல்தான் வேண்டும் என்றால் செம்மை கலந்த சாம்பலாக எடுக்க வேண்டும். உங்கள் தரையை மட்டும் எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள். அந்த ஆக்சைடு தரையை இன்று போட்டுத் தரும் கைகள் அருகிவிட்டன.

மேற்குச் சுவர் கேமராவின் சுவர் என்றேன். பின்னணி வெள்ளையாக இருந்தால் கேமரா மொத்தப் படத்தையும் இருட்டாக்கிக்கொள்ளும், நம் மாநிறமும் கருநிறமும் அதில் முகக்களை இழந்து போகும். பின்னணி கன்னங்கரேல் என்று இருந்தால் படத்தை ஏற்றிவிடும், நெற்றியும் மூக்கும் வெளுத்துவிடும். நடுத்தரமான ஒன்று வேண்டும். எல்.ஆர்.வி. 35 முதல் 45 வரை, மங்கிய நீலம். செவ்ரல் சொன்ன விதியே இங்கே நமக்குச் சாதகமாகத் திரும்பும். நீலத்துக்கு முன்னால் இருக்கும் முகத்தில் வெதுவெதுப்பு கூடித் தெரியும். சந்தனம், பிஸ்கட் நிறம், பழுப்பு ஆகியவற்றை அந்தச் சுவருக்கு வேண்டாம் என்பேன். நம் தோலின் நிறத்தோடு கலந்து முகத்தை விழுங்கிவிடும். கூரை வெள்ளையாகவே இருக்கட்டும்.

சுவரில் அடிப்பதற்கு முன் மாதிரி பாருங்கள். தப்பாகிவிடுமோ என்ற உங்கள் பயத்துக்கு இதுதான் மருந்து. பெரும்பாலான நிறுவனங்கள் சின்ன டப்பாவில் மாதிரி விற்கின்றன. அதை மஞ்சள் சுவரிலேயே ஒரு கட்டமாக அடித்துப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது, அது பயன்படாது. சுற்றியிருக்கும் மஞ்சள் மாதிரியின் நிறத்தை மாற்றிவிடும். கெட்டியான வெள்ளை சார்ட் அட்டையில், நான்கு ஓரமும் நாலு விரற்கடை வெள்ளை விட்டு, இரண்டு கோட் அடித்துக் காய வையுங்கள். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தபின் வேறு நிறம், ஆகவே அன்றே முடிவு செய்யாதீர்கள். கிழக்குச் சுவரில் ஒட்டிக் காலை பத்துக்கும், தலைவலி வரும் மூன்று மணிக்கும், விளக்குப் போட்டபின் ஏழுக்கும் பாருங்கள். அடுத்த நாள் தெற்குச் சுவருக்கு மாற்றுங்கள். அட்டையின் கீழ் விளிம்பு தரையைத் தொடும்படி ஒருமுறை வைத்துப் பாருங்கள், சிவப்பு என்ன செய்கிறது என்று தெரிந்துவிடும். நீல அட்டையை நாற்காலிக்குப் பின்னால் மாட்டிவிட்டு, கணவரோடு ஒரு வீடியோ அழைப்பு போட்டுப் பார்த்தால் போதும். இரண்டு நிறங்களுக்கிடையில் தடுமாறினால், பெரிய பரப்பில் நிறம் எப்போதும் ஒரு படி ஏறும் என்பதை மனத்தில் வைத்து இளசானதை எடுங்கள்.

பளபளப்பு ரகம் இனி வேண்டாம். மகன் கை வைப்பான், துடைக்க வேண்டும் என்ற கவலை நியாயமானதே. முழு மேட் (பளபளப்பே இல்லாத பூச்சு) எடுத்தால் கறை பிடிக்கும். ‘லோ ஷீன்’ (கண்ணாடி போல் மின்னாத மெல்லிய மினுமினுப்பு) ரக எமல்ஷனைக் கேளுங்கள், ஈரத்துணிக்குத் தாங்கும்.

பெயிண்டரிடம் மூன்று விஷயங்களைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். இப்போதைய வழவழப்பின் மேல் புதுப் பூச்சு பிடிக்காது, உப்புத்தாள் போட்டு மினுமினுப்பை எடுத்துவிட்டு வெள்ளை பிரைமர் ஒரு கோட் அடிக்க வேண்டும். பிரைமர் இல்லாமல் மஞ்சளின் மேல் நேரே அடித்தால் மூன்றாவது கோட்டிலும் மஞ்சள் எட்டிப் பார்க்கும். சுவரில் எங்காவது வெள்ளைப் பொடி (ஓதத்தால் பூக்கும் உப்பு) தெரிந்தால் அதைப் பட்டி பூசி மூடிவிடக் கூடாது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து நிறுத்தி, சுவர் உலர்ந்தபின்தான் அடிக்க வேண்டும். நிறத்தைக் கடையிலுள்ள இயந்திரத்தில் கலந்து வாங்குங்கள். “ஸ்டெயினர் ஊற்றி நானே கொண்டுவந்துவிடுகிறேன்” என்று அவர் சொன்னால் அன்போடு மறுத்துவிடுங்கள். கையால் கலந்த நிறம் அடுத்த டப்பாவில் திரும்பக் கிடைக்காது. மூடியிலுள்ள எண்ணை எழுதி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

மகனைப் பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. ஆனாலும் கேட்கத்தான் மதியத் தூக்கத்தைக் குறிப்பிட்டீர்கள் என்று நினைக்கிறேன். இப்போது சுவரில் காய்ந்து கிடக்கும் எமல்ஷனால் அவனுக்கு ஒன்றும் வராது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக்கூடாது என்று மத்திய அரசு 2016ல் விதி கொண்டுவந்து, 2017 நவம்பர் முதல் நடைமுறைப்படுத்தியது. கவலை பழைய கதவு, ஜன்னல் சட்டங்களில்தான். அவற்றில் அதற்கு முந்தைய எனாமல் பெயிண்ட் அடுக்கடுக்காக இருந்தால் அதில் ஈயம் இருக்கக்கூடும். பெயிண்டர் உற்சாகத்தில் அவற்றையும் சுரண்ட ஆரம்பிப்பார். உலர்ந்தபடி தேய்க்க விடாதீர்கள், பறக்கும் தூள்தான் குழந்தைக்கு ஆபத்து. நனைத்துத் தேய்க்கும் தாளால் ஈரத்தோடு தேய்த்து, தரையை ஈரத்துணியால் துடைத்து, துணியை எறிந்துவிடச் சொல்லுங்கள். சட்டங்கள் உரிந்துபோகாமல் இருந்தால் தொடாமலே விட்டுவிடுவது இன்னும் நல்லது. சுவர் வேலை முடிந்து ஒரு வாரம் ஜன்னலைத் திறந்து மின்விசிறியை ஓடவிடுங்கள். வாடை முழுவதும் போனபிறகு அவன் அங்கே தூங்கட்டும்.

மேசையைத் திருப்பி, விளக்கை மாற்றி இரண்டு வாரம் ஆகியும் தலைவலி அதே அளவில் இருந்தால், பெயிண்டுக்குப் பணம் எடுக்காதீர்கள். கண் மருத்துவரைப் பாருங்கள். எழுத்துப் பலகையைப் படிக்கவைத்துத் தூரப் பார்வையைச் சோதிப்பதோடு நிற்காமல், நாற்காலியில் உட்கார்ந்து உங்கள் கண்ணிலிருந்து திரை எத்தனை அங்குலம் என்று அளந்து கொண்டுபோய்ச் சொல்லி, அந்தத் தூரத்துக்கும் பார்வையைச் சோதிக்கச் சொல்லுங்கள்.